சூசையப்பர் கோபுரம்: நவீனத் தேவாலயத்தை எப்படிப் பார்ப்பது?

புதிதாகக் கட்டிய கொங்கிறீட் தேவாலயம் ஒன்றைக் காட்டினால் நம்மவர்கள் வாயில் முதலில் வருவது, "இது கோயில் மாதிரியே இல்லையே!" என்பதுதான். சொல்பவர்களில் பிழையில்லை. திருகோணமலையில் வளர்ந்த கத்தோலிக்கர் ஒருவருக்குக் கோயில் என்றதும் மனதில் ஒரு படம் வந்துவிடும். நீளமான மண்டபம், இரண்டு பக்கமும் வளைவு வைத்த யன்னல்கள், கடைசியில் உயர்ந்த பீடம், மாடங்களில் சுரூபங்கள், முகப்பில் மணிக்கூண்டு. இதில் ஒன்றுமே இல்லாத கட்டடத்தைக் காட்டி "இதுவும் கோயில்தான்" என்றால் யாருக்கும் ஒரு தயக்கம் வரத்தான் செய்யும்.

அந்தத் தயக்கத்தோடேயே ஒரு கோயிலுக்குள் போய்ப் பார்ப்போம். பிரான்ஸ் நாட்டின் வடக்குக் கரையில் லு ஆவ்ர் என்ற துறைமுக நகரம் இருக்கிறது. அங்குள்ள புனித சூசையப்பர் தேவாலயம் 1951இல் தொடங்கி 1957 அளவில் கட்டி முடிந்தது. இருபதாம் நூற்றாண்டில் எழுந்த எத்தனையோ நவீனக் கோயில்களில் இதை எடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு கோயிலைப் பார்க்கும்போது கேட்கவேண்டிய கேள்விகள் மூன்று: கூரையைத் தாங்குவது எது, பீடம் எங்கே இருக்கிறது, வெளிச்சம் எப்படி உள்ளே வருகிறது? இந்த மூன்றுக்கும் ஒளிவுமறைவில்லாமல் பதில் சொல்லும் கட்டடம் இது. அதோடு, துறைமுக ஊர்க்காரர்களுக்குச் சட்டென்று பிடிபடும் கோயிலும்கூட.

லு ஆவ்ர் 1517இல் பிரெஞ்சு மன்னர் முதலாம் பிரான்சுவா உருவாக்கிய துறைமுகம். செயின் ஆறு கடலோடு சேரும் இடத்தில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் ஜேர்மனியர் அதைப் பிடித்து அரண் செய்து வைத்திருந்தார்கள். 1944 செப்ரெம்பர் 5, 6ஆம் திகதிகளில் பிரித்தானிய விமானங்கள் நகரின் நடுப்பகுதியைக் குண்டுபோட்டுத் தரைமட்டமாக்கின. ஏறத்தாழ 2,000 பொதுமக்கள் செத்துப்போனார்கள். போர் முடிந்தபோது வீடில்லாமல் நின்றவர்கள் 80,000 பேர் வரை. அங்கிருந்த பழைய சூசையப்பர் கோயிலும் அந்த இடிபாட்டில் போய்விட்டது. மீட்க வந்தவர்கள் போட்ட குண்டிலேயே பிள்ளைகளைப் பறிகொடுத்த ஊர் அது. அந்தக் கசப்பு அங்கே கனகாலம் இருந்தது.

திருகோணமலையிலும் 1942 ஏப்ரல் 9 காலையில் யப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனக்குடா விமானத் தளத்தையும் தாக்கின. அதே நாளில் மட்டக்களப்புக் கடலில் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. நல்ல துறைமுகம் வாய்த்த ஊருக்கு அதுவே வினையாகவும் வந்து சேரும் என்பதை இங்கே யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அப்படி அழிந்த ஊரைத் திரும்பக் கட்டும்போது, இருந்ததுபோலவே கட்டுவதா, புதிதாகக் கட்டுவதா? போரிலும் சூறாவளியிலும் கடற்கோளிலும் கோயிலை இழந்த கிழக்கு மாகாணப் பங்குகள் பலவும் இதே கேள்விக்கு முன்னால் நின்றிருக்கின்றன. லு ஆவ்ர் புதிதாகக் கட்டுவது என்று முடிவெடுத்தது. 1945இல் அந்தப் பொறுப்பு ஓகுஸ்ட் பெரே என்ற கட்டடக் கலைஞரிடம் போனது. அப்போது அவருக்கு வயது எழுபதைத் தாண்டியிருந்தது. நகரின் நடுப்பகுதி முழுவதையும் 6.24 மீற்றர் என்ற ஒரே அளவுக் கட்டத்தின்மேல் அவரும் அவருடைய குழுவினரும் வரைந்தார்கள். தூணுக்குத் தூண் இடைவெளி, யன்னல், நடைபாதை எல்லாம் அந்த அளவுக்கு அடங்கியே வரும். அந்த நகர மையம் 2005இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அதற்குள் தலை நிமிர்த்தி நிற்பது சூசையப்பர் கோபுரம். போரில் இறந்தவர்களின் நினைவாகவே அதைக் கட்டினார்கள்.

பெரே யார் என்பதையும் கொஞ்சம் தெரிந்துகொள்ளவேண்டும். 1874இல் பிறந்தவர். தகப்பன் கல் வேலைசெய்தவர். 1871இல் பரிஸ் நகரக் கிளர்ச்சி ஒடுக்கப்பட்ட பிறகு பெல்ஜியத்துக்குத் தப்பிப் போனவர். அதனால் பெரே பிறந்தது பிரசல்ஸில். பிறகு பரிஸுக்குத் திரும்பி, சகோதரர்களோடு சேர்ந்து தகப்பனின் கட்டட ஒப்பந்தத் தொழிலையே நடத்தினார். மேசையில் வரைபவரும் களத்தில் கட்டுபவரும் ஒரே ஆள். சீமெந்து எத்தனை மூடை, பலகையடிக்க என்ன செலவு, கம்பி எங்கே வளையும் என்று கைபட்டுத் தெரிந்தவர். அவருடைய கோயில்களில் வீண் பகட்டு இல்லாததற்கு இதுவே பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

இனி முதற் கேள்வி: கூரையைத் தாங்குவது எது?

கல்லுக்கு நசுக்குவதைத் தாங்கும் பலம் நிறைய உண்டு, இழுத்தால் தாங்காது. நீளமான கற்பாளம் ஒன்றை இரண்டு தூணின்மேல் வைத்து நடுவில் பாரம் ஏற்றினால் அடிப்பக்கம் இழுபட்டு வெடிக்கும். அதனால் கல்லில் கட்டியவர்கள் பாரத்தை எப்போதும் நசுக்கும் பாரமாகவே கீழே கொண்டுவரப் பார்த்தார்கள். வளைவு அதற்காகவே வந்தது. ஆனால் வளைவு தன் இரண்டு கால்களையும் வெளியே தள்ளும். அதைத் தடுக்கத் தடித்த சுவர் வேண்டும், இல்லாவிட்டால் வெளியிலிருந்து முட்டுக்கொடுக்கவேண்டும். பரிஸ் நோத்ர் தாம் பேராலயத்தின் வெளிப்புறத்தில் விலா எலும்புகள்போலத் தெரியும் கல்லாலான கைகள் அந்த முட்டுத்தான். கூர்நுனி வளைவும் முட்டுக் கைகளும் அழகாக இருக்கின்றன, உண்மை. ஆனால் அவை பிறந்தது கல்லின் பலவீனத்தைச் சமாளிக்க.

கொங்கிறீட்டும் தனியே இருந்தால் கல்லைப் போலத்தான். நசுக்கத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. அதற்குள் உருக்குக் கம்பியை வைத்தால் இழுவையைக் கம்பி ஏற்றுக்கொள்ளும். வீட்டு பீம் ஒன்றுக்குக் கம்பி கட்டும்போது அடிப்பக்கத்தில் தடித்த கம்பி போடச் சொல்லி மேசன் ஏன் அழுத்திச் சொல்கிறார் என்பதற்கு இதுவே விளக்கம். பிரான்சுவா என்பிக் 1892இல் இந்த முறைக்குக் காப்புரிமை பெற்ற பிறகு பிரான்ஸில் அது வேகமாகப் பரவியது. பரிஸில் மொன்மார்த்ர் பகுதியிலுள்ள புனித யோவான் கோயில் 1904இல் முடிந்தது. கம்பியிட்ட சீமெந்தில் எழுந்த முதற் கோயில்களில் அதுவும் ஒன்று. ஆனால் அது வெளியே செங்கல் போர்த்திக்கொண்டது. கொங்கிறீட்டைக் கோயிலுக்குள் வெறும் மேனியாகக் காட்ட அப்போது துணிவு வரவில்லை.

அந்தத் துணிவு பெரேக்கு 1922இல் வந்தது. பரிஸுக்குக் கிழக்கே லு ரான்சி என்ற சிற்றூரின் பங்குக் குருவானவருக்கு முதலாம் உலகப் போரில் இறந்தவர்களின் நினைவாகக் கோயில் வேண்டும். கையில் காசு குறைவு. பெரே ஏறத்தாழ ஓராண்டுக்குள் கட்டிக் கொடுத்தார். 1923 ஜூனில் திறப்பு நடந்தது. உள்ளே தூண்கள் சுமார் 11 மீற்றர் உயரம். பருமனோ அரை மீற்றருக்கும் குறைவு. மேலே விரியும் வளைகூரையின் கனம் சில சென்ரிமீற்றர்தான். பலகையடித்த தடம் அப்படியே தெரியும். பூச்சு வேலைக்குக் காசு இல்லை, பூசவும் இல்லை.

பாரம் முழுவதும் தூண்களில் இறங்கிவிட்டதால் சுவருக்கு வேலை இல்லாமல் போயிற்று. அங்கேதான் பெரே ஒரு பெரிய காரியம் செய்தார். சுவரையே எடுத்துவிட்டு, ஓட்டை வைத்து வார்த்த சிறு கொங்கிறீட் சட்டங்களைத் தரையிலிருந்து கூரைவரை அடுக்கினார். சட்டங்களுக்குள் வட்டம், முக்கோணம், சிலுவை என்று சில வடிவங்கள் மட்டும் திரும்பத் திரும்ப வரும். ஒவ்வோர் ஓட்டையிலும் வண்ணக் கண்ணாடி. நம் வீடுகளில் யன்னலுக்கு மேலேயும் மாடிப்படிப் பக்கத்திலும் காற்றுக்காக வைக்கிற பூக்கல் இருக்கிறதே, அந்தப் பூக்கல்லே கோயிலின் நான்கு சுவருமாக நின்றால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். லு ரான்சிக் கோயில் ஏறத்தாழ அதுதான். கண்ணாடி வேலை மார்கரித் யூரே என்ற பெண் கலைஞருடையது. நடுவில் வரும் உருவப் படங்களை வரைந்தவர் மொரிஸ் தெனி.

அலங்காரம் இல்லாத கட்டடம் என்று நவீனக் கோயிலைச் சொல்பவர்கள் இந்த இடத்தில் சற்று நிற்கவேண்டும். பழைய முறையில் கட்டடத்தைக் கட்டி முடித்த பிறகு அதன்மேல் அலங்காரம் ஏறும். இங்கே தூணும் சட்டமும் கண்ணாடியும் தாங்களே அழகாக இருக்கவேண்டும். ஒளிந்துகொள்ளச் சாந்தோ சித்திரமோ கிடையாது. தூண் கோணினால் கோணியது தெரியும். அதனால் இப்படிக் கட்டுவதற்கு இன்னும் கூடுதல் கவனம் வேண்டும்.

இரண்டாவது கேள்விக்கு, பீடம் எங்கே இருக்கிறது என்பதற்கு, கட்டடக்கலையைவிட்டுக் கொஞ்சம் வழிபாட்டுக்குள் போகவேண்டும். நவீனத் தேவாலயம் என்பதன் உயிர்நாடி இதில்தான் என்பேன்.

எழுபது வயதைத் தாண்டிய நம் ஊர்க் கத்தோலிக்கரைக் கேட்டுப் பாருங்கள். அவர்கள் சிறுபிள்ளைகளாக இருந்தபோது பூசை இலத்தீனில் நடந்தது. பீடம் கடைசிச் சுவரோடு ஒட்டியிருந்தது. குருவானவர் சனங்களுக்கு முதுகு காட்டி நின்றார். அவரும் சனங்களும் ஒரே திசையைப் பார்த்து நிற்பதாகப் பொருள். பீடத்துக்கும் சனங்களுக்கும் இடையில் நன்மை (நற்கருணை) வாங்க முழங்காலில் நிற்கும் அளிக்கம்பி இருந்தது. பூசை நடக்கும்போது சனங்கள் தங்கள் பாட்டில் செபமாலை சொல்லிக்கொண்டிருப்பார்கள். நீளமான மண்டபம் இந்த முறைக்கு மிகவும் பொருத்தம். எல்லாரும் ஒரு திசை பார்க்கவேண்டும், பவனி நீளமாகப் போகவேண்டும், தூரத்தில் இருப்பது மறைபொருளாகத் தெரியவேண்டும்.

ஆனால் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே வேறொரு குரல் எழுந்துகொண்டிருந்தது. 1903இல் பத்தாம் பியூஸ் பாப்பரசர், திருவழிபாட்டில் மக்கள் உயிர்ப்போடு பங்குகொள்ளவேண்டும் என்று எழுதினார். பெல்ஜியத்திலும் ஜேர்மனியிலும் ஆசீர்வாதப்பர் சபை மடங்கள் இதை ஓர் இயக்கமாக வளர்த்தன. 1920களின் பிற்பகுதியில் ஜேர்மனியின் ரோதன்ஃபெல்ஸ் கோட்டையில் ரொமானோ குவார்தினி என்ற குருவானவரும் ருடோல்ப் ஷ்வார்ட்ஸ் என்ற கட்டடக் கலைஞரும் ஒரு வேலை செய்தார்கள். வெள்ளைச் சுவர் கொண்ட பெரிய மண்டபம் ஒன்றில் பீடத்தை வைத்து, அதன் மூன்று பக்கமும் இளைஞர்களைக் கறுப்புச் சிறு முக்காலிகளில் இருத்தி, நான்காவது பக்கத்தில் குருவானவர் நின்றார். சுரூபமோ சித்திரமோ ஒன்றும் இல்லை. வந்திருந்த சனங்களே அந்த இடத்தைக் கோயிலாக்கினார்கள். பிறகு ஐரோப்பாவில் எழுந்த எத்தனையோ கோயில்களின் விதை அந்த மண்டபத்தில் இருக்கிறது.

உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசெம்பர் 4இல் திருவழிபாடு பற்றிய ஏட்டை வெளியிட்டது. அடுத்த ஆண்டு உரோமையிலிருந்து வந்த அறிவுறுத்தல், பீடத்தைச் சுவரிலிருந்து பிரித்து வைப்பது நல்லது, சுற்றிவர இடம் இருக்கட்டும், சனங்களைப் பார்த்தபடி பூசை செய்ய வசதியாக இருக்கட்டும் என்றது. நம் மறைமாவட்டத்துக்கு இந்த மாற்றம் வந்தது ஆயர் இக்னேசியஸ் கிளெனி காலத்தில். அமெரிக்க இயேசு சபைத் துறவியான அவர் 1947 முதல் 1974 வரை இங்கே ஆயராக இருந்தார். அவருக்கு முன்னிருந்த லவீஞ், ரொபிஷே ஆண்டகைமார் பிரெஞ்சு இயேசு சபையினர். ஆக, பிரான்ஸின் திருச்சபையோடு திருகோணமலைக்கு உள்ள தொடர்பு பழையது.

பழைய கோயில்களில் இந்த மாற்றம் எப்படி நடந்தது என்பதை நம் கண்ணாலேயே பார்க்கலாம். பல இடங்களில் பழைய உயர் பீடம் பின்சுவரில் அப்படியே நிற்கும். அதற்கு முன்னால் மேசைபோல இன்னொரு பீடம் வைத்திருப்பார்கள். கட்டடம் ஒரு வழிபாட்டுக்குக் கட்டியது. நடப்பது இன்னொரு வழிபாடு. குறையென்று சொல்லமாட்டேன். இரண்டு காலமும் ஒன்றன் முன் ஒன்றாக நிற்பதைப் பார்க்க எனக்கு விருப்பம். ஆனால் புதிதாகக் கட்டும்போது பீடத்தின் இடத்தை முதலில் முடிவுசெய்து, அதிலிருந்து வெளியே வரைந்துகொண்டு வருவதே முறை.

பெரே லு ஆவ்ரில் செய்தது அதைத்தான், அதுவும் சங்கம் கூடுவதற்குப் பத்தாண்டுக்கு முன்பே. கோயிலின் தரைப்படம் ஏறத்தாழ 40 மீற்றர் பக்கம்கொண்ட சதுரம். அதன் நடுவில் பீடம். சனங்கள் அதைச் சூழ இருக்கிறார்கள். பீடத்துக்கு நேர் மேலே கோபுரம் எழுகிறது.

இந்தக் கோபுரத்தை வெளியிலிருந்து பார்ப்பதைவிட உள்ளே நின்று பார்க்கவேண்டும். நான்கு மூலையிலும் நான்கு நான்காக மொத்தம் 16 தூண்கள், ஒவ்வொன்றும் சதுர வடிவில், எந்தப் போர்வையும் இல்லாமல் நிற்கின்றன. தூண்களின் தலையிலிருந்து சாய்ந்த கைகள் புறப்பட்டு மேலே ஒன்றையொன்று பிடிக்கின்றன. கீழே சதுரமாக இருப்பது இந்தக் கைகளின் வழியாகத்தான் எண்கோணமாக மாறுகிறது. அந்த எண்கோணம் அப்படியே உயர்ந்துபோய், நிலத்திலிருந்து 107 மீற்றரில் முடிகிறது. வழக்கமான மணிக்கோபுரம் கோயிலுக்கு வெளியே ஒட்டிவைத்தது போல நிற்கும், உள்ளே இருப்பவருக்கு அது தெரியாது. இங்கே கோபுரத்தின் வயிறு வெறுமை. பீடத்தடியில் நின்று அண்ணாந்தால் பார்வை தடையின்றி உச்சிவரை போகும். பாரம் எங்கிருந்து எங்கே இறங்குகிறது என்பதைப் பொறியியல் படிக்காதவரும் விரலால் தொட்டுக் காட்டிவிடலாம்.

இந்த எண்ணம் பெரேயின் மனதில் இருபத்தைந்து ஆண்டு கிடந்தது. 1926இல் பரிஸில் புனித ஜோன் ஆர்க் பெயரில் கோயில் கட்ட ஒரு போட்டி வைத்தார்கள். பெரே சுமார் 200 மீற்றர் உயரக் கோபுரத்தோடு ஒரு திட்டம் கொடுத்தார்; எடுபடவில்லை. லு ஆவ்ரில் அதன் உயரத்தைப் பாதியாகக் குறைத்துக் கட்டினார். அதையும் அவர் முழுதாகப் பார்க்கவில்லை. 1954 பெப்ரவரியில் இறந்துபோனார். அவரோடு வேலைசெய்த ரேமோன் ஓடிஜியே முதலியவர்கள் முடித்துவைத்தார்கள்.

கோபுரம் கடலில் வருகிறவர்களுக்குத் தூரத்திலேயே தெரியும். துறைமுக ஊரில் இது சும்மா விஷயமில்லை. மூதூர்ப் பக்கத்து வெளிச்சவீட்டையும் கோணேசர் மலையையும் வைத்துத் திசை பிடித்த கடற்தொழிலாளர் குடும்பங்களுக்கு, கரையில் உயர்ந்து நிற்கும் ஓர் அடையாளம் என்ன பெறும் என்று தெரியும். சூசையப்பர் தச்சுத் தொழிலாளி, உழைப்பாளரின் பாதுகாவலர். கப்பல்துறைத் தொழிலாளர் ஊருக்கு அவர் பெயரில் கோபுரம் எழுந்தது மிகப் பொருத்தம்.

மூன்றாவது கேள்வி வெளிச்சம். லு ரான்சியில் கண்ணாடி வேலை செய்த அதே மார்கரித் யூரே, முப்பது ஆண்டு கழித்து இங்கேயும் வந்தார். கோபுரம் முழுவதிலும் அவர் பதித்த கண்ணாடித் துண்டுகள் 12,768. வாயால் ஊதிச் செய்த கண்ணாடி. அதனால் ஒவ்வொரு துண்டிலும் நிறம் சற்றுக் கூடிக்குறையும். இந்தத் தடவை உருவப் படமே இல்லை. மாதாவும் இல்லை, அர்ச்சியசிட்டவர்களும் இல்லை, வெறும் நிறம். வடக்கிலும் கிழக்கிலும் நீலம், பச்சை போன்ற குளிர்ந்த நிறங்கள். தெற்கிலும் மேற்கிலும் செம்மஞ்சள், பொன் போன்ற சூடான நிறங்கள். காலைப் பூசைக்கு வருபவர் காணும் கோயிலும் மாலையில் வருபவர் காணும் கோயிலும் ஒன்றல்ல. சூரியன் நகர நகர, சாம்பல் நிறத் தூணில் விழும் நிறப் பொட்டுகளும் நகரும். கொங்கிறீட் நிறமற்று இருப்பது இங்கே பெரிய வசதி. பளிங்கும் சித்திரமும் போட்ட தூணாக இருந்தால் அந்த வெளிச்சத்தை அது இவ்வளவு சுத்தமாகக் காட்டாது.

குறை சொல்பவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். வாங்குகளுக்குப் பதிலாகத் தியேட்டரில் போல மடிக்கும் மர இருக்கைகள் இருப்பது பலருக்குப் பிடிப்பதில்லை. சுரூபங்கள் குறைவு, மெழுகுதிரி கொளுத்தித் தனியே செபிக்க ஒதுங்கும் மூலைகள் குறைவு என்பது இன்னொரு முறைப்பாடு. அதில் நியாயம் இருக்கிறது. அந்தோனியார் சுரூபத்தின் காலைத் தொட்டுவிட்டு வீட்டுக்குப் போகும் ஒரு தாயின் பக்திக்கு, எல்லாரையும் நடுப் பீடத்தைச் சுற்றியே இருத்தும் கோயில் இடம் கொடுக்கத் தவறினால் அது பெரிய இழப்பு. நல்ல நவீனக் கோயில் இரண்டுக்கும் இடம் வைக்கும்.

திருச்சபைத் தலைவர்களும் எப்போதும் கையைத் தட்டி வரவேற்கவில்லை. பிரேசிலில் ஒஸ்கார் நீமேயர் 1943இல் பம்புல்யா என்ற இடத்தில் அலையலையான கூரையோடு அசிசி பிரான்சிஸ் கோயிலைக் கட்டினார். உள்ளூர் பேராயர் அதை அர்ச்சிக்க மறுத்தார். 1959வரை அது பூசையில்லாமல் கிடந்தது. சில இடங்களில் பிழை கட்டடத்தின் பக்கமே இருந்தது. லிவர்பூலில் பிரெடரிக் கிபர்ட் வரைந்து 1967இல் திறந்த வட்ட வடிவப் பேராலயம் மழைக்கு ஒழுகியது, ஓடுகள் கழன்றன, கடைசியில் விஷயம் வழக்குவரை போனது. வடிவம் புதிதாக இருந்தால் போதாது, மழைத்தண்ணீர் எந்த வழியாக ஓடும் என்றும் யோசித்திருக்கவேண்டும்.

எல்லா நவீனக் கோயிலும் பெரேயின் வழியில் போனதுமில்லை. அவரிடம் இளம் வயதில் வேலை பழகிய லு கொர்பூசியே, 1955இல் ரோன்ஷான் குன்றில் கட்டிய மாதா கோயில் இதற்கு நேர் எதிர். அங்கே சதுரமும் இல்லை, வரிசைத் தூணும் இல்லை. கனத்த வளைந்த சுவரும், நண்டு ஓட்டைப் பார்த்து உருவாக்கியதாக அவரே சொன்ன கூரையும் இருக்கின்றன. சுவருக்கும் கூரைக்கும் நடுவே சிறு இடைவெளி விட்டிருப்பதால் கீற்றாக வெளிச்சம் வரும். அவ்வளவு பெரிய கூரை மிதப்பதாகத் தோன்றும். பாரம் எப்படி இறங்குகிறது என்று பெரே காட்டினார், அவருடைய சீடர் அதை மறைத்து வியக்கவைத்தார். எனக்கு விருப்பம் பெரேயின் பக்கம்தான். ஆனால் ரோன்ஷானைப் பார்த்தவர்களில் பாதிப்பேர் என்னோடு சண்டைக்கு வருவார்கள்.

நம் பக்கத்துக்கும் இந்த அலை வந்தது. லு ரான்சியைப் பின்பற்றி யப்பானில் கட்டிய அன்ரனின் ரேமண்ட் என்பவர், 1930களின் இறுதியில் புதுச்சேரிக்கு வந்து அரவிந்தர் ஆச்சிரமத்துக்காகக் கோல்கொண்டா என்ற விடுதியைக் கட்டினார். கோயிலில்லை, தங்குமிடம். ஆனால் வெறும் கொங்கிறீட்டை நம் வெயிலுக்கு எப்படிப் பழக்குவது என்பதற்கு அது நல்ல பாடம்: யன்னல் கதவுகளுக்குப் பதிலாகச் சுவர் நீளத்துக்கும் திறந்து மூடும் தகட்டு வரிசைகள், காற்றாடி இல்லாமலே காற்று. இலங்கையில் ஜெப்ரி பாவா 1960களின் தொடக்கத்தில் பண்டாரவளை நல்லாயன் கன்னியர் மடத்துக்கு ஒரு சிற்றாலயம் கட்டினார். மலைநாட்டுக் கல்லையே சுவராக வைத்தார். திருவனந்தபுரத்தில் லொறி பேக்கர், இயேசு சபையினரின் லொயோலா வளாகத்தில் 1971 அளவில் கட்டிய சிற்றாலயத்தில் செங்கல்லை இடைவெளிவிட்டு அடுக்கிச் சுவரைச் சல்லடையாக்கினார். காற்றும் வெளிச்சமும் அந்த ஓட்டைகளால் வரும், கண்ணாடியும் வேண்டாம்.

திருகோணமலையில் ஒரு பங்கு புதுக் கோயில் கட்ட நினைத்தால் லு ஆவ்ரிலிருந்து எதை எடுக்கலாம்? கண்ணாடிக் கோபுரத்தை அப்படியே எடுக்கக்கூடாது. அங்கே வெயில் குறைவு. இங்கே மே மாதத்தில் அப்படியொரு கோபுரத்தின்கீழ் ஒரு பூசை நேரம் இருக்கமுடியாது. எடுக்கவேண்டியது பீடத்தை நடுவாக வைத்து வரையும் முறையையும், தூணை மறைக்காத நேர்மையையும். சுவருக்கு லு ரான்சியையும் பேக்கரையும் பார்க்கலாம்: கண்ணாடி இல்லாத பூக்கல், அகன்ற தாழ்வாரம், சோளகமும் வாடையும் நுழைந்து வெளியேற எதிரெதிர்த் திறப்பு. மார்கழி மழை சாய்ந்தடிக்கும் பக்கத்தில் மட்டும் பூக்கல்லுக்கு வெளியே இன்னொரு தடுப்பு வேண்டும்.

இன்னொன்று, இதைத் தள்ளிவைக்கவே கூடாது: உப்பு. கடற்காற்றிலுள்ள உப்பு கொங்கிறீட்டுக்குள் ஊறிக் கம்பியைத் தொட்டால் கம்பி துருப்பிடிக்கும். துருப்பிடித்த கம்பி ஊதும். மேலே உள்ள கொங்கிறீட் வெடித்துப் பொரிந்து விழும். டச்சுக்குடாப் பக்கத்துப் பழைய மாடி வீடுகளில் சிலாப்பின் அடியில் கம்பி பல்லைக் காட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். லு ரான்சியின் மெல்லிய சட்டங்களும் இப்படித்தான் சிதைந்து பின்னர் மாற்றவேண்டி வந்தது. அது கடலோரம்கூட இல்லை. பூசாத, மெல்லிய கொங்கிறீட் அழகுக்கு இதுவே விலை. ஆகவே கடலோரத்தில் கட்டும்போது கம்பிக்கு வெளியே 4, 5 சென்ரிமீற்றராவது கொங்கிறீட் மூடியிருக்கவேண்டும். கடல் மணல் கலக்கவே கூடாது. வார்த்த கொங்கிறீட்டை ஒரு கிழமைக்கு மேலாக ஈரமாக வைத்துப் பதப்படுத்தவேண்டும். பூக்கல் போன்ற மெல்லிய பாகங்களைக் கம்பியில்லாமலே சிறிதாக வார்ப்பது நல்லது. உடைந்தால் அந்த ஒன்றை மட்டும் கழற்றி மாற்றிவிடலாம். வரைபடம் கொண்டுவருபவரிடம் பங்குச் சபை முதலில் கேட்கவேண்டியது இவற்றைத்தான். முகப்பு எந்த நிறம் என்பதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.